கிரீன் டீ கேப்ஸ்யூல்: பயன், பாதுகாப்பு, மருந்துகளோடு மோதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேப்ஸ்யூலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

தேயிலைதான். கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவை. பறித்த இலையை உடனே சூடு காட்டி அதிலுள்ள நொதிகளை அடக்கிவிட்டால் அது பச்சைத் தேயிலை. அப்படிச் செய்வதால் இலையிலுள்ள கேட்டச்சின் என்ற வேதிப்பொருள்கள் உருமாறாமல் தங்கிவிடுகின்றன. கறுப்புத் தேயிலையில் இவற்றில் பெரும்பகுதி ஆக்சிஜனோடு வினைபுரிந்து வேறு பொருள்களாகிவிடும்.

கேட்டச்சின்களில் அளவிலும் வீரியத்திலும் முதலிடம் எபிகேலோகேட்டச்சின் கேலேட்டுக்கு. பெயர் நீளம் என்பதால் எல்லோரும் ஈஜிசிஜி என்றே சொல்கிறார்கள். இலையை நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, சாற்றைப் பிரித்து, செறிவாக்கிப் பொடியாக்கினால் அதுதான் கேப்ஸ்யூலுக்குள் போகிறது. பெரும்பாலானவற்றில் காஃபினும் கூடவே வரும். காஃபின் நீக்கியவையும் உண்டு.

நான் வருடக்கணக்காகக் கிரீன் டீ குடிக்கிறேன். கேப்ஸ்யூலும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இந்த எண்ணம்தான்.

ஒரு கோப்பை கிரீன் டீயில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் ஈஜிசிஜி இருக்கும். இலை, நீரின் சூடு, ஊறும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து கூடும், குறையும். அதைச் சூடாக, மெதுவாக, மிடறு மிடறாகக் குடிக்கிறீர்கள். நான்கு கோப்பை என்றால் நாள் முழுக்கப் பரவிவிடும். கேப்ஸ்யூலிலோ அந்த நான்கு கோப்பைச் சரக்கும் ஒரே விழுங்கலில், ஒரே நொடியில், சில சமயம் காலி வயிற்றில் உள்ளே போகிறது. ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு அதனால் முற்றிலும் வேறாகிவிடுகிறது. தேநீர் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு மிக அரிது. பதிவாகியிருக்கும் பாதிப்புகளில் பெரும்பாலானவை செறிவூட்டிய சாற்றை எடுத்தவர்களுக்கு வந்தவை.

டப்பாவில் "500 மி.கி." என்று போட்டிருக்கிறது. அது அதிகமா, குறைவா?

அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது மொத்தச் சாற்றின் எடை. அதில் பாலிஃபீனால் (கேட்டச்சின்கள் உள்ளடங்கிய தாவர வேதிப்பொருள்களின் குடும்பம்) எத்தனை சதவீதம், அதற்குள் ஈஜிசிஜி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 500 மில்லிகிராம் சாற்றில் 50 சதவீதம் ஈஜிசிஜி என்றால் ஒரு கேப்ஸ்யூலில் 250 மில்லிகிராம். "தினமும் மூன்று" என்று அச்சிட்டிருந்தால் 750. இதோடு எடை குறைப்புப் பவுடர் ஒன்றிலும் தேயிலைச் சாறு கலந்திருந்தால், உங்களுக்கே தெரியாமல் 800-ஐத் தாண்டிவிடுவீர்கள். 800 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

ஈஜிசிஜி எவ்வளவு என்றே சொல்லாமல் "தனிச்சிறப்புக் கலவை" என்று மட்டும் போட்டிருக்கும் டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

ஆன்டிஆக்சிடன்ட் என்றால் உடம்புக்கு நல்லதுதானே? கூடுதலாக எடுத்தால் கூடுதல் நன்மை இல்லையா?

உடலில் ஆக்சிஜன் வேலை செய்யும்போது கட்டற்ற மூலக்கூறுகள் சில உருவாகின்றன. அவை செல்களைச் சேதப்படுத்தக்கூடும். அவற்றை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். சோதனைக் குழாயில் ஈஜிசிஜி அவற்றை அழகாகப் பிடித்து அடக்குகிறது. விளம்பரம் அத்தோடு நின்றுவிடும்.

விளம்பரம் விட்டுவைத்த கதை இரண்டு. முதலாவது, வாய்வழியே எடுத்த ஈஜிசிஜியில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தை எட்டுகிறது. ஆய்வகத்தில் செல்கள்மேல் ஊற்றிப் பார்க்கும் செறிவு அதைவிடப் பல மடங்கு. இரண்டாவது, அளவு ஏறினால் இதே ஈஜிசிஜி எதிர்ப்பக்கம் சாய்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கவும் செய்யும். காப்பவனே தாக்குபவனாகிறான்.

"ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு எடுத்தாலும் கெடுதல் இல்லை" என்ற நம்பிக்கைக்கு 1994-லேயே பெரிய அடி விழுந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அது வேறு பொருள், உண்மைதான். ஆனால் பாடம் இங்கும் பொருந்தும்.

உடல் எடை குறையுமா?

பெரும்பாலானவர்கள் வாங்குவது இதற்குத்தான். பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஜப்பானுக்கு வெளியே நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி வித்தியாசம் 0.04 கிலோ. அதாவது 40 கிராம். ஜப்பானில் நடந்த சோதனைகளில் 0.2 முதல் 3.5 கிலோ வரை குறைந்ததாக வந்தது, ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 40 கிராமுக்காகக் கல்லீரலைப் பணயம் வைக்க வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம்?

கொஞ்சம் குறையும். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 2 புள்ளி அளவுக்கு. மருந்து தேவைப்படும் நிலையில் இருப்பவருக்கு இது மாற்றாகாது.

புற்றுநோயைத் தடுக்கும் என்கிறார்களே?

2020-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 142 ஆய்வுகளை, 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் தகவல்களைப் பார்த்தது. முடிவுகள் ஒரே திசையில் போகவில்லை. தடுக்கிறது என்று சொல்ல அந்த ஆதாரம் போதாது.

அப்படியானால் தேயிலைச் சாற்றுக்கு மருத்துவப் பயன் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நினைக்காத இடத்தில். கேட்டச்சின் கலந்த 15 சதவீதக் களிம்பு ஒன்றைப் பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வரும் மருக்களுக்கான மருந்தாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் அங்கீகரித்தது. மருத்துவச் சீட்டோடு மட்டும் கிடைக்கும், வெளியே தடவுவது. ஒரு தாவரச் சாறு முறையான சோதனைகளைத் தாண்டி மருந்தாக முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். கேப்ஸ்யூல் அந்தப் பாதையில் நடக்கவில்லை. துணை உணவு என்ற பெயரில் வருவதால் பல நாடுகளில் விற்பனைக்கு முன் பயனை நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

கல்லீரலைக் கெடுக்கும் என்பது வதந்தியா, உண்மையா?

உண்மை. அரிது, ஆனால் உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எத்தனாலில் பிரித்தெடுத்த தேயிலைச் சாறு கொண்ட எக்ஸோலிஸ் என்ற எடை குறைப்பு மாத்திரை, கல்லீரல் பாதிப்புப் புகார்களால் 2003-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் இதேபோன்ற தகவல்கள் வந்தன. மாதிரி ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்: எடுக்க ஆரம்பித்துச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சோர்வு, குமட்டல், பிறகு மஞ்சள் காமாலை. பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். வைரஸ் கல்லீரல் அழற்சி போலவே தோன்றும், ஆனால் வைரஸ் இருக்காது. நிறுத்தினால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. குணமான பிறகு அதே கேப்ஸ்யூலை மறுபடி தொட்டு, மறுபடி காமாலையோடு வந்தவர்களும் உண்டு. இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இவை தற்செயல் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு கட்டுப்பாட்டு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற 1,000-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு தினமும் 843 மில்லிகிராம் ஈஜிசிஜி, மறு பாதிக்கு வெற்று மாத்திரை, 12 மாதங்கள். கல்லீரல் நொதி ஏறியவர்கள் சாறு எடுத்த பிரிவில் பல மடங்கு அதிகம். பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை, ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுத்தது.

எனக்கு வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முழுமையாக முடியாது. ஆனால் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, தேயிலைச் சாற்றால் பாதிக்கப்பட்டவர்களின் மரபணுக்களைப் பார்த்தது. எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை அவர்களில் 72 சதவீதம் பேருக்கு இருந்தது. பொது மக்களில் அது பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் மட்டுமே. நோய் எதிர்ப்பு அமைப்பே இதில் கை வைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. "என் தோழி சாப்பிடுகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் ஏன் செல்லாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

ஆனால் இந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிப்பு வருவதில்லை. இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. ஆகவே அந்தப் பரிசோதனையைத் தேடி ஓட வேண்டாம்.

வெறும் வயிற்றில் எடுத்தால் நன்றாக உறிஞ்சும் என்று படித்தேன். அப்படி எடுக்கலாமா?

படித்தது சரி, முடிவு தவறு. உணவோடு எடுப்பதைவிட வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் ஈஜிசிஜி மூன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதுதான் ஆபத்தே. பட்டினி வயிற்றில் செறிவூட்டிய சாறு கொடுக்கப்பட்ட நாய்களில் நடந்த நச்சு ஆய்வு ஒன்றை, நாய்கள் இறந்துபோனதால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உணவோடு கொடுத்தபோது அதே சாறு அவ்வளவு கடுமை காட்டவில்லை.

எடை குறைக்கப் பட்டினி கிடப்பவர்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கேப்ஸ்யூலை மட்டும் விழுங்குவது நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். எடுத்தே தீருவேன் என்றால், நன்றாகச் சாப்பிட்ட பிறகு எடுங்கள்.

எவ்வளவு வரை பாதுகாப்பு?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது இது: துணை உணவாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன. அதன் அடிப்படையில் 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்தது. ஒரு நாள் அளவு 800-க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது, அதே நாளில் வேறு கிரீன் டீப் பொருள்களை எடுக்கக் கூடாது, கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் தொடக் கூடாது என்று டப்பாவில் அச்சிட வேண்டும்.

800 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் போதும் என்று அர்த்தமில்லை. அதே ஆணையம் 375 மில்லிகிராம் ஈஜிசிஜி கொண்ட ஒரு சாற்றாலும் அரிதாகப் பாதிப்பு வந்ததைக் குறிப்பிட்டிருக்கிறது.

எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அரிப்பு, பசியே இல்லாமல் போவது, நாள்கணக்கில் நீடிக்கும் சோர்வும் குமட்டலும். இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, மருத்துவரைப் பார்த்து, கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் பலர் இதைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் இது மருந்தே அல்ல.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே எடுக்கலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. நாடோலால் என்றால் வேண்டாம். ஜப்பானில் ஆரோக்கியமான 10 பேர் 14 நாள் தினமும் 700 மில்லிலிட்டர் கிரீன் டீ குடித்துவிட்டு இந்த மாத்திரையை எடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு 85 சதவீதம் விழுந்தது. இது கேப்ஸ்யூல்கூட இல்லை, சாதாரணத் தேநீர். குடல் சுவரில் மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்களைக் கேட்டச்சின் அடைத்துவிடுவதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாத்திரையைத் தவறாமல் போட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் கேப்ஸ்யூலை நிறுத்துவீர்கள், கூட்டிய அளவு முழுசாக வேலை செய்யும், அழுத்தம் சரேலென விழும்.

கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றின் அளவும் ரத்தத்தில் ஓரளவு குறைவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாடோலால் அளவுக்கு மோசமில்லை.

வார்ஃபரின் எடுப்பவர்கள்?

ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்துக்கு வைட்டமின் கே எதிரி. தேயிலை இலையில் அது நிறைய உண்டு, வடித்த தேநீரில் குறைவு. ஆனாலும் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் முதல் நான்கு லிட்டர் வரை கிரீன் டீ குடித்த 44 வயதுக்காரர் ஒருவரின் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 3.79-இலிருந்து 1.37-க்கு இறங்கியதாக 1999-இல் பதிவாகியிருக்கிறது. அதாவது மருந்து ஏறக்குறைய வேலை செய்யாத நிலை. இலையையே அரைத்து நிரப்பிய கேப்ஸ்யூலில் வைட்டமின் கே அப்படியே இருக்கும். வார்ஃபரின் எடுப்பவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஐ.என்.ஆரை மாற்றும், ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறேன். உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் மருந்தைப் பற்றி 2009-இல் ஆய்வாளர்கள் கண்டது அவர்களையே திகைக்கவைத்தது. ஈஜிசிஜி மருந்துக்குத் துணைநிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் சோதனையைத் தொடங்கினார்கள். அதுவோ மருந்தின் போரான் பகுதியில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டு, செல்களிலும் எலிகளிலும் மருந்தைச் செயலிழக்கச் செய்தது. சுனிடினிப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தோடும் ஈஜிசிஜி பிணைந்து, அது உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. சிகிச்சையின் பக்கவிளைவைத் தாங்கத் தெம்பு வேண்டும் என்று எடுத்த பொருள், சிகிச்சையையே தின்றுவிடக் கூடாது.

ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை எடுக்கிறேன்.

இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். இரும்பு இருப்புக் குறைந்த பெண்களிடம் நடந்த சோதனையில் 150 மில்லிகிராம் ஈஜிசிஜி இரும்பு உறிஞ்சுதலை 14 சதவீதமும், 300 மில்லிகிராம் 27 சதவீதமும் குறைத்தது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஹீமோகுளோபின் ஏற மறுக்கிறது என்றால் கேப்ஸ்யூலை நிறுத்திப் பாருங்கள்.

காஃபின் பற்றி ஏதாவது கவலை உண்டா?

தூக்கமின்மை, படபடப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் தெரிந்த கதை. தெரியாதது மருந்துகளோடு அது செய்யும் வேலை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஃப்ளூவாக்சமைன் என்ற மனநல மருந்து போன்றவை கல்லீரலில் காஃபின் சிதைவதைத் தடுக்கும், அதனால் ஒரு கேப்ஸ்யூலின் காஃபின் மணிக்கணக்கில் உடலில் சுற்றும். குளோசபைன் (மனநல மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர்களுக்குக் காஃபினால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். மனநலத்துக்காக லித்தியம் எடுப்பவர்களுக்குக் கதை தலைகீழ்: காஃபின் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், காஃபினைத் திடீரென நிறுத்தினால் லித்தியம் ஏறும். மனநல மருந்து எடுப்பவர்கள் தொடங்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் சொல்லிவிட வேண்டும்.

என் கேப்ஸ்யூலில் "உறிஞ்சுதலைக் கூட்ட" மிளகுச் சாறு சேர்த்திருக்கிறார்கள். நல்லதா?

மிளகிலுள்ள பைப்பரின் கேட்டச்சினை மட்டும் தேடிப்பிடித்து உள்ளே அனுப்பாது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோபிரானலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளின் ரத்த அளவையும் அது கூட்டும். ஏற்கெனவே உறிஞ்சுதல் கூடினால்தான் கல்லீரலுக்கு ஆபத்து என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் இது எதற்கு?

கர்ப்பமாக இருக்கும்போது?

கேப்ஸ்யூல் வேண்டாம். காஃபின் ஒரு காரணம், கேட்டச்சின்கள் ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவதைக் குறைப்பது இன்னொரு காரணம். கருவின் தண்டுவடம் உருவாகும் முதல் வாரங்களில் ஃபோலிக் அமிலம் மிக முக்கியம், ஆகவே கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே நிறுத்திவிடுங்கள்.

வேறு யார் தவிர்க்க வேண்டும்?

கல்லீரல் நோய் உள்ளவர்கள், முன்பு மருந்தாலோ துணை உணவாலோ காமாலை வந்தவர்கள், மெத்தோட்ரெக்சேட், காசநோய் மருந்துகள் போல ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை தரும் மருந்துகளை எடுப்பவர்கள், தினமும் மது அருந்துபவர்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லுங்கள்.

மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. நிறுத்த வேண்டுமா?

முதலில் எதற்காக எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எடைக்காக என்றால் இந்த மூன்று மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று எடைக்கருவியே சொல்லிவிடும். குறையவில்லை என்றால் தொடரக் காரணமே இல்லை. தொடரத்தான் விருப்பம் என்றால் ஒரு நாளுக்கு எத்தனை மில்லிகிராம் ஈஜிசிஜி போகிறது என்று கணக்கிடுங்கள், சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எடுங்கள், ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏ.எல்.டி. ஏறியிருந்தால் அன்றோடு நிறுத்துங்கள், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அது இறங்கிய பிறகும் அந்த டப்பாவை மீண்டும் திறக்க வேண்டாம்.